எந்தக் கை ஏற்ற கை?

ஒரு சொம்பு நிறைய நீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை முழுவதும் நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சிறிது நேரத்திலேயே தோள் வலிக்கும். நீரின் எடை கூடவில்லை, தூரம்தான் கூடிற்று. தொழிற்சாலைக்கு ரோபோ கையைத் தேர்ந்தெடுப்பவர்கள் மறக்கக் கூடாத உண்மை இது.

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 'யூனிமேட்' என்ற ரோபோ கை வேலைக்கு வந்தது. கொதிக்கும் சூட்டில் வெளிவரும் உலோக வார்ப்புகளை எடுத்து வைப்பது அதன் பணி. மனிதருக்கு ஆபத்தான அவ்வேலையை அது சலிப்பின்றிச் செய்தது.

இன்று பெரும்பாலான ரோபோ கைகளுக்கு ஆறு மூட்டுகள் உண்டு. ஒரு பொருளை வேண்டிய இடத்திற்குக் கொண்டு செல்ல மூன்று. அதை வேண்டிய பக்கம் திருப்ப மூன்று. தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், எல்லாக் கைகளும் எல்லா வேலைக்கும் ஏற்றவை அல்ல.

ஒரு கணக்குப் போடுவோமா? 30 கிலோகிராம் எடையுள்ள இரும்புப் பாகம் ஒன்றைத் தூக்க வேண்டும். அதைப் பற்றும் இடுக்கியின் எடை 15 கிலோகிராம். இடுக்கியையும் கைதானே சுமக்கிறது? ஆகவே மொத்தச் சுமை 45 கிலோகிராம். '50 கிலோகிராம் தூக்கும் கை போதும்' என்று தோன்றும். பொறுங்கள்! அந்தக் கையின் மணிக்கட்டு மூட்டு 200 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனையே தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சுமையின் ஈர்ப்பு மையம் மூட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 45 × 9.8 × 0.5 = 220.5 நியூட்டன் மீட்டர். கை தாங்காது!

இதைவிடப் பெரிய கையை வாங்கத்தான் வேண்டுமா? அவசியமில்லை. இடுக்கியின் அமைப்பை மாற்றித் தூரத்தை 40 சென்டிமீட்டராகக் குறைத்தால், திருப்புத்திறன் 176.4 ஆகிவிடும். ஆனால் கை வேகமாகத் திரும்பும்போது நிலைமமும் எதிர்த்து நிற்கும். தூரம் இரு மடங்கானால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதையும் சரிபார்க்க வேண்டும்.

மின்வில் வெல்டிங்கின் கதை வேறு. அதன் கைப்பிடிக் கருவி சில கிலோகிராம் எடையே உள்ளது. இங்கே வலிமையைவிட நிதானமே பெரிது. வெல்டிங் கம்பியின் தடிமன் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். கை அந்த அளவு விலகினாலே இணைப்பு பிசகிவிடும். எனவே இலேசான, சீராக நகரும் கையே இதற்கு நல்லது. கார்த் தகடுகளை இணைக்கும் புள்ளி வெல்டிங் கருவியோ மிகவும் கனமானது. அதற்கு வலிய கை வேண்டும்.

'எத்தனை முறை செய்தாலும் அதே இடத்திற்குத் திரும்பும்' என்பது ரோபோவின் பெருமை. ஆனால் தகடு கோணலாக வைக்கப்பட்டிருந்தால்? பார்வைக் கருவியோ உணர்வியோ இல்லாத ரோபோ, தகடு இருக்க வேண்டிய இடத்திலேயே நெருப்பைப் பாய்ச்சும். இருக்கும் இடத்தில் அல்ல. ஆகவே தகட்டை அசையாமல் பிடிக்கும் தாங்கியும் கையைப் போலவே முக்கியம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. பாகத்தின் எடை 25 கிலோகிராம், இடுக்கி பழையதே, தூரம் 50 சென்டிமீட்டர். முதலில் சொன்ன கை இதைத் தாங்குமா? தாங்கினாலும் நீங்கள் அதை வாங்குவீர்களா? கணக்கிட்டு, நண்பர்களுடன் விவாதித்துப் பாருங்கள்.