காய்ந்த அருகுக்கு மருந்து அடித்தால் காசுதான் கரையும்!
கரிசல் நிலத்தில் அருகு, கோரையை அடக்கும் வழிகள்

புரட்டாசி விதைப்பு நெருங்கினால் டி. கல்லுப்பட்டி, பேரையூர் வட்டார வாசகர்களிடம் இருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "போன கோடையில் அருகுக்கு மருந்து அடித்தோம். மழை பெய்ததும் பழையபடி தழைத்துவிட்டது. மருந்து போலியா?" என்பதுதான் அது. பெரும்பாலும் மருந்தில் கோளாறு இருப்பதில்லை. அடித்த நேரம்தான் தவறு.

நமக்குக் களையாக இருக்கும் அருகம்புல்லை, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'பெர்முடா புல்' என்ற பெயரில் வீட்டு முற்றத்திலும் விளையாட்டுத் திடலிலும் காசு கொடுத்து வளர்க்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் அந்தப் புல் முழுக்கப் பழுத்து வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும். அப்போது இடையில் பச்சையாக முளைக்கும் குளிர்காலக் களைகள் மீது கிளைபோசேட் அடிப்பார்கள். களை சாகும், புல் பிழைத்துக்கொள்ளும். இளவேனிலில் வேரில் இருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால், அடிக்கும்போது புல்லில் கொஞ்சம் பச்சை இருந்தாலும் அதற்கும் சேதம்தான்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. கிளைபோசேட் பச்சை இலை வழியாகத்தான் செடிக்குள் போகும். இலை தயாரிக்கும் உணவோடு சேர்ந்து வேருக்கும் தரையடித் தண்டுக்கும் இறங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் நம் அருகும் சருகாகி உறங்குகிறது. அந்தச் சருகின் மேல் அடிப்பது, அமெரிக்கர்கள் புல்லைக் காப்பாற்றச் செய்வதையே நாம் காசு செலவழித்துச் செய்வதாகும்.

கோடையில் கலப்பைதான் மருந்து

மாசி முதல் சித்திரை வரை மண் காய்ந்திருக்கும்போது சட்டிக்கலப்பை அல்லது கொக்கிக்கலப்பையால் ஆழமாக உழுது, கட்டிகளைப் புரட்டிப் போடுங்கள். மேலே வந்த அருகின் தரையடித் தண்டும் கோரைக் கிழங்கும் வெயிலில் காயும். இரண்டு, மூன்று வார இடைவெளியில் மறுபடி ஓர் உழவு போட்டால் மீதியும் மேலே வரும். கொக்கியில் சிக்கி வரும் அருகுக் கொடியை வரப்பில் போடாமல், அள்ளி வெளியே கொண்டுபோய் நன்றாக உலர்த்துங்கள்.

ஈரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. அது அருகைத் துண்டு துண்டாக வெட்டும். கணு உள்ள ஒவ்வொரு துண்டும் ஈரத்தில் புதுச் செடியாகும். ஒரு மூலையில் இருந்த அருகு, நிலம் முழுக்கப் பரவ இதுவே போதும்.

பச்சை கட்டியபின் மருந்து

கோடை மழைக்கோ ஆடி, ஆவணி மழைக்கோ அருகும் கோரையும் தழைத்து ஒரு சாண் உயரம் வந்திருக்கும்போது அடித்தால்தான் கிளைபோசேட் வேர் வரை போகும்.

அளவு: 41 சதவீத கிளைபோசேட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி மருந்து, 20 கிராம் அம்மோனியம் சல்பேட். 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி மருந்து, 200 கிராம் அம்மோனியம் சல்பேட். நிலம் முழுக்க அடிக்க வேண்டியதில்லை. திட்டுத் திட்டாக இருக்கும் இடத்தில் மட்டும் அடித்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை:

* கலங்கிய கண்மாய்த் தண்ணீர் கூடாது. மண்ணோடு மருந்து ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். உப்புக் கிணற்றுத் தண்ணீரும் வேகத்தைக் குறைக்கும். அதற்காகத்தான் அம்மோனியம் சல்பேட் சேர்க்கிறோம்.
* அடித்தபின் ஆறு மணி நேரமாவது மழை இருக்கக் கூடாது.
* காற்று இல்லாத காலை நேரத்தில், நாசிலைத் தாழ்த்தி அடியுங்கள். பக்கத்து நிலத்துப் பயிரில் பட்டால் அதுவும் கருகும்.
* அடித்த மறுநாளே உழக் கூடாது. மருந்து வேருக்கு இறங்க 15 நாட்களாவது விட்டு, பின்பு உழுங்கள்.

கோரை ஒரே தடவையில் ஒழியாது. இலை விட்ட கிழங்குகள்தான் சாகும். மண்ணுக்குள் உறங்கும் கிழங்குகள் அடுத்த மழைக்கு முளைக்கும். அதனால் அடுத்த ஆண்டும் இதே முறையைத் தொடர வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கிளைபோசேட்டுக்குத் தேயிலைத் தோட்டத்திலும் பயிர் இல்லாத இடத்திலும் பயன்படுத்தவே அனுமதி உண்டு. பயிர் நிற்கும் நிலத்தில் வரிசைக்கு நடுவே அடிப்பது தவறு. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்று வகைப்படுத்தியது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. எனவே, வாங்கும் முன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து இல்லாமலே சமாளிக்க நினைப்பவர்கள் கோடை உழவை விடாமல் செய்து, களை மிகுந்த துண்டில் தீவனச் சோளத்தை நெருக்கமாக விதைக்கலாம். அருகும் கோரையும் நிழல் தாங்காதவை.

விதைத்த பிறகு

பருத்தி விதைத்த மூன்றாம் நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஏக்கருக்கு 1.3 லிட்டர் பெண்டிமெத்தலின் (30 சதவீதம்) தெளிக்கலாம். விதையில் இருந்து முளைக்கும் புல்லையும் சாரணை போன்ற களைகளையும் இது தடுக்கும். ஈரம் இல்லாவிட்டால் பலன் கிடைக்காது. கிழங்கில் இருந்து வரும் கோரையையோ, தண்டில் இருந்து வரும் அருகையோ இது ஒன்றும் செய்யாது. அதனால்தான் விதைப்புக்கு முந்தைய வேலை முக்கியம். 30 முதல் 35-ம் நாளுக்குள் ஒரு கைக்களை கட்டாயம் எடுக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

*மருந்து அடித்த வரப்பில் ஆடு மேயலாமா?*

வேண்டாம். புல் முழுதும் காய்ந்து, உழுது புரட்டும் வரை ஆடு, மாடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அந்த அருகை வீட்டுக்கோ கோயிலுக்கோ பறிக்கவும் கூடாது. அடித்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி வைத்தால் அக்கம்பக்கத்தாருக்கும் தெரியும்.

*பூச்சி மருந்து அடித்த பிறகு பருத்தி இலை சுருங்கி, விரல் விரலாக நீண்டுவிட்டது. என்ன நோய்?*

அது நோயாக இல்லாமல் இருக்கலாம். அதே டேங்கில் முன்பு சோளத்துக்கோ மக்காச்சோளத்துக்கோ 2,4-டி களைக்கொல்லி அடித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். வாடகைத் தெளிப்பான் என்றால் கொடுத்தவரிடம் கேளுங்கள். டேங்கில் ஒட்டிய மிச்சமே பருத்தியை இப்படி ஆக்கிவிடும். பக்கத்து நிலத்தில் அடித்தது காற்றில் வந்தாலும் இதே நிலைதான். களைக்கொல்லிக்கு என்று தனி டேங்க் வைத்துக்கொள்வதே நல்லது. பருத்தி நிற்கும் பகுதியில் 2,4-டி-யைத் தவிர்த்துவிடுங்கள்.