உறையே காவலாயிற்று

மடத்துவெளியிலிருந்து தாம்போதியைக் கடந்து வேலணைப் பக்கம் செல்வோர் பயிர்க்காலத்திற் புகையிலைத் தோட்டங்களைக் காண்பர். யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை கப்பலேறிய பண்டம். அதனை நட்டும் நீரிறைத்தும் வாழ்ந்த நம்மவருட் பலர், உயிர்நூலின் அரிய உண்மையொன்று அவ்விலையிலேயே வெளிப்பட்டதென்பதை அறியார்.

புகையிலைக்கு வரும் பிணிகளுள் ஒன்று சித்திரவடிவ நோய். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கோலமிட்டாற்போல மாறிமாறித் தோன்றும்; இலை திரையும்; விளைவு குன்றும். நோயுற்ற செடியின் சாற்றினால் இது தொற்றுமென 1886இல் ஒல்லாந்தில் அடொல்ஃப் மேயர் காட்டினார். பற்றீரியாவைத் தடுக்கும் வடியினூடாகவும் செல்லவல்ல இந்நோய்க்காரணியை 1898இல் பெய்ஜரிங்க் என்பார் வைரசு என வழங்கினார்.

அதன் யாக்கை வியக்கத்தக்கது. உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் ஓர் இழை. அதனைச் சூழ ஒரேவகைப் புரதக் கூறுகள் ஏறத்தாழ 2130, சுழற்படிபோல அடுக்கப்பெற்ற உறை. இழையே நோயின் வித்து. உறை அதன் சட்டை. பயிரின் கலத்தினுட் புகுந்தபின் அச்சட்டையைக் களைந்தாலன்றி வித்து முளையாது.

1929இல் அமெரிக்க அறிஞர் மக்கின்னி ஒரு புதுமை கண்டார். மென்மையான வைரசு வகையொன்று முன்னரே குடிகொண்ட புகையிலைச் செடியிற் கொடிய மஞ்சள் வகையைப் பின்னர் ஏற்றியபோது, அது தன் குறியைக் காட்டவில்லை. அம்மைப்பால் குத்தினால் நம் குருதியில் எதிர்பொருள் தோன்றிக் காக்கும். பயிருக்கோ குருதியுமில்லை, அவ்வெதிர்பொருளுமில்லை. அங்ஙனமாயின் அதனைக் காத்தது யாது?

1986இல் ரொஜர் பீச்சியும் அவர் குழுவினரும் இதற்கு விடை தந்தனர். வைரசின் உறைப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகை மட்டும் அவர்கள் புகையிலையிற் சேர்த்தனர். அச்செடிகளுட் சில நோயின்றி நின்றன. ஏனையவற்றிலும் நோய் தாழ்த்தே வந்தது. ஆயின், உறை களைந்த வெற்று ஆர்.என்.ஏ.யைப் பூசியபோது அக்காவல் பெரும்பாலும் தோற்றது. இதனால் ஓருண்மை புலனாயிற்று: கலத்தினுள் உறைப்புரதம் முன்னரே நிறைந்திருப்பின், புதிதாய் வரும் வைரசு தன் சட்டையைக் களைய இயலாது தடைப்படுகின்றது. நோய்க்கு உடையாயிருந்ததே பயிருக்கு அரணாயிற்று.

இவ்வரண் யாவர்க்கும் அடைத்த கதவன்று. நெருங்கிய இனத்து வைரசையே அது நன்கு தடுக்கும். உறவு விலக விலகத் தடையும் தளரும்.

மனித உடலிலும் இதனையொத்த காவலொன்றுண்டு. நம் பரம்பரைப் பொருளில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு பண்டை வைரசுகளின் எச்சமாம். அவற்றுளொன்றன் உறைப்புரதத்திலிருந்து வந்த சப்ரெசின், சூல்வித்தகத்தில் உண்டாகின்றது. சில வைரசுகள் கலத்தினுட் புகப் பயன்படுத்தும் வாயிற்புரதத்தை அது பற்றிக்கொண்டு, அவற்றின் வழியை அடைக்கவல்லதென 2022இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர். புகையிலையிற் சட்டை களைதல் தடைப்பட்டது. ஈண்டு நுழைவே தடைப்படுகின்றது. வழி வேறாயினும் இரண்டிடத்தும் காவலாய் நிற்பது வைரசின் உறையே.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். மென்மையான வைரசை வேண்டுமென்றே ஏற்றிப் பயிரைக் காத்தல் அச்சமற்ற செயலன்று. ஒரு பயிருக்கு மென்மையானது அயற்பயிருக்குக் கொடியதாதலுங் கூடும். நோய் பற்றிய செடியைக் குணப்படுத்தும் மருந்துமில்லை. இவ்வைரசு உலர்ந்த புகையிலையிலும் நெடுங்காலம் அழியாதிருக்கும். மிளகாயையும் தக்காளியையும் பற்றும். ஆதலின் சுருட்டுப் பிடித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாது நாற்றைத் தொடுதல் தகாது. கலத்தினுள் நிகழுங் காவலை ஆராய்தல் அறிஞர் கடன். தோட்டத்து வாயிலிற் காவல் நிற்றல் நம் கடன். மாணவர்க்கு இவ்விரண்டையும் ஒருங்கே கற்பித்தல் ஆசிரியர்க்கு அழகாம்.