குளத்தில் நீந்துவது பல்லியா?

மே மாதம். பனியெல்லாம் உருகிவிட்டது. அம்மாவோடு நீங்கள் ஒஸ்லோவுக்குப் பக்கத்துக் காட்டில் நடந்து போகிறீர்கள். வழியில் ஒரு சின்னக் குளம். குனிந்து பார்க்கிறீர்கள். தண்ணீருக்குள் நாலு காலும் நீண்ட வாலும் உள்ள ஏதோ ஒன்று மெல்ல நெளிந்து போகிறது.

"அம்மா, இஞ்ச ஓடி வாங்கோ! பல்லி ஒண்டு தண்ணிக்க நீந்துது!"

அம்மா எட்டிப் பார்க்கிறார்.

"ஓம், பல்லி மாதிரித்தான் கிடக்கு. ஆனா பல்லிக்குத் தண்ணிக்க என்ன வேலை?"

அம்மா கேட்டது நல்ல கேள்வி. அது பல்லி இல்லை. அதன் பெயர் சலமாண்டர். இலங்கையில் சலமாண்டர் கிடையாது. இந்தியாவில்கூட டார்ஜிலிங் போன்ற வடகிழக்கு மலைப் பக்கங்களில்தான் அது உண்டு. அதனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அம்மம்மா இதைப் பார்த்திருக்க மாட்டார். ஊரில் இல்லாத உயிருக்கு ஊரில் பெயரும் இல்லை. நாமும் சலமாண்டர் என்றே சொல்லுவோம். இந்தப் பாடத்தைப் படித்து முடித்தால், வீட்டில் எல்லோருக்கும் நீங்கள்தான் ஆசிரியர்!

பல்லியா, சலமாண்டரா?

நோர்வேயிலும் பல்லி இனம் ஒன்று உண்டு. அதை நோர்வேஜிய மொழியில் 'ஃபிர்ஃபிஸ்லே' என்பார்கள். பார்ப்பதற்குச் சலமாண்டர் மாதிரியே இருக்கும். அப்படியென்றால் எப்படிப் பிரித்து அறிவது?

தோலைப் பாருங்கள். ஃபிர்ஃபிஸ்லேயின் உடம்பு முழுவதும் சின்னச் சின்னச் செதில்கள் இருக்கும். தோல் காய்ந்திருக்கும். சலமாண்டருக்குச் செதில் இல்லை. அதன் தோல் மென்மையானது.

விரலைப் பாருங்கள். ஃபிர்ஃபிஸ்லேக்குக் கூரான நகம் உண்டு. சலமாண்டருக்கு நகமே இல்லை. அதன் முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து விரல்.

நடையைப் பாருங்கள். ஃபிர்ஃபிஸ்லே வெயிலில் கல்லின்மேல் படுத்திருக்கும். கிட்டப் போனால் சட்டென்று ஓடிவிடும். சலமாண்டர் வெயிலை விரும்பாது. தரையில் மெதுவாகத்தான் நடக்கும்.

சலமாண்டரின் உண்மையான சொந்தக்காரர் பல்லி அல்ல, தவளை! நீரிலும் நிலத்திலும் வாழும் இவற்றை 'ஈரூடகவாழிகள்' என்கிறோம். நோர்வேயில் இயற்கையாக வாழும் ஈரூடகவாழிகள் ஆறு வகை. மூன்று வகைத் தவளை, ஒரு வகைத் தேரை, இரண்டு வகைச் சலமாண்டர். அந்த இரண்டு சலமாண்டர்களும் ஒஸ்லோப் பகுதியில் உண்டு.

பெரியவரா, சின்னவரா?

ஒன்றின் பெயர் 'ஸ்டூர்சலமாண்டர்'. அதாவது பெரிய சலமாண்டர். மற்றதன் பெயர் 'ஸ்மோசலமாண்டர்'. அதாவது சின்னச் சலமாண்டர். உங்கள் முன் இருப்பது எது? நாலு கேள்வி கேளுங்கள்.

1. எவ்வளவு நீளம்? சின்னது 8 முதல் 11 சென்ரிமீற்றர் வரை வளரும். பெரியது 16 சென்ரிமீற்றர் வரைகூட வளரும். ஆனால் கவனம்! பெரிய சலமாண்டரின் பிள்ளையும் சின்னதாகத்தான் இருக்கும். ஆகவே நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

2. தோல் எப்படி? சின்னதன் தோல் வழுவழுப்பாக இருக்கும். பெரியதன் தோல் சொரசொரப்பாக, சின்னச் சின்னப் பருக்கள் போட்டது போல இருக்கும்.

3. முதுகு என்ன நிறம்? சின்னது மண்ணிறம். பெரியது கரும்பழுப்பு அல்லது கறுப்பு. பெரியதன் விலாவில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

4. வயிறு எப்படி? இரண்டுக்கும் வயிற்றில் செம்மஞ்சள் நிறம் உண்டு. சின்னதற்கு நடுவில் மட்டும் செம்மஞ்சள், அதன்மேல் புள்ளிகள். பெரியதற்கு வயிறு முழுவதும் பளிச்சென்ற செம்மஞ்சள், அதன்மேல் மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டுகள். அந்தத் திட்டுகள் ஒவ்வொரு சலமாண்டருக்கும் வேறுவேறாக இருக்கும், எங்கள் கைரேகை மாதிரி! ஆராய்ச்சியாளர்கள் வயிற்றைப் படம் எடுத்து, "இது போன வருசம் பார்த்த அதே ஆள்" என்று கண்டுபிடிப்பார்கள்.

வசந்த காலத்தில் இன்னும் ஒரு வழி இருக்கிறது. அப்போது ஆண்களுக்கு முதுகில் ஒரு தோகை வளரும். பெரிய ஆணின் தோகை மரம் அரியும் வாளின் பற்கள் போலக் கூர் கூராக இருக்கும். வால் தொடங்கும் இடத்தில் அது ஒருமுறை அறுந்து, பிறகு மீண்டும் உயரும். வாலின் பக்கத்தில் வெள்ளிக் கோடு மினுங்கும். சின்ன ஆணின் தோகை அலை போல வளைந்து, அறுபடாமல் வால் நுனி வரை போகும். உடம்பெல்லாம் வட்ட வட்டக் கரும்புள்ளிகள் இருக்கும்.

பெண்களுக்குத் தோகை இல்லை. அவற்றைப் பார்க்கும்போது தோலையும் நிறத்தையும்தான் நம்ப வேண்டும்.

முட்டையும் குஞ்சும்

தவளை முட்டைகளைக் கட்டியாக இடும். தேரை மாலை போல நீளமாக இடும். பெண் சலமாண்டரோ ஒவ்வொரு முட்டையாக இடும். இட்டதும் பின்காலால் நீர்ச்செடியின் இலையை மடித்து, முட்டையை அதற்குள் ஒளித்துவிடும். மடிந்த இலையைக் கண்டால் பிரித்துப் பார்க்காதீர்கள். அது ஒரு குழந்தையின் போர்வை.

குஞ்சின் கழுத்துப் பக்கத்தில் இறகு போன்ற செவுள்கள் நிற்கும். வாற்பேத்தைக்கு, அதாவது தவளைக் குஞ்சுக்கு, முதலில் வெளியே தெரிவது பின்கால். சலமாண்டர்க் குஞ்சுக்கு முதலில் முளைப்பது முன்கால். இதை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

கோடை முடியும்போது குஞ்சுகள் செவுளை இழந்து தரைக்கு ஏறும். குளிர்காலம் முழுவதும் கல், மரக்கட்டை, வேர் இவற்றின் அடியில் உறைபனி எட்டாத இடத்தில் அசையாமல் கிடக்கும். ஏப்ரல் மாத மழை இரவுகளில் மறுபடி குளத்தைத் தேடிப் புறப்படும்.

பெயர் தெரிந்து என்ன பயன்?

"ரண்டும் சலமாண்டர்தானே? பெரிசெண்டா என்ன, சின்னனெண்டா என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

வீடு கட்டவும் வீதி போடவும் பல சிறு குளங்களை மூடிவிட்டார்கள். சில குளங்களில் யாரோ மீனை விட்டுவிட்டார்கள். "பாவம், தொட்டிக்குள்ள கிடக்குது" என்று நினைத்துத் தங்கமீனைக் குளத்தில் விட்டால், அது சலமாண்டரின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். இரக்கப்பட்டுச் செய்த வேலை ஒரு குளத்தையே வெறுமையாக்கிவிடும். பெரிய சலமாண்டர் இன்று நோர்வேயின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. கவனிக்காவிட்டால் அழிந்து போகக்கூடிய உயிர்களின் பட்டியல் அது.

ஒரு குளத்தை மூட யாராவது நினைத்தால், அங்கே என்னென்ன உயிர்கள் பதிவாகியிருக்கின்றன என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். ஒன்றுமே பதிவாகவில்லை என்றால் அது வெறும் பள்ளம். பெரிய சலமாண்டர் பதிவாகியிருந்தால் அது ஒரு உயிரின் வீடு. 'ஆர்ட்ஸ்ஒப்சர்வஷூனர்' என்ற இணையத்தளத்தில் யாரும் பதிவு செய்யலாம். படம், இடம், திகதி, சரியான பெயர் இருந்தால் போதும். பெரியவர் ஒருவரோடு சேர்ந்து நீங்களும் செய்யலாம்.

போகும்போது இதையெல்லாம் மறக்காதீர்கள். நோர்வேயில் சலமாண்டர்களைச் சட்டம் பாதுகாக்கிறது. பிடிக்கக் கூடாது. கண்ணால் பாருங்கள், படம் எடுங்கள். அவை தோலாலும் மூச்சு விடுகின்றன. எங்கள் கையில் இருக்கும் கிறீம் அந்தத் தோலுக்கு ஆகாது. கல்லைப் புரட்டினால் மெதுவாக இருந்தபடியே வையுங்கள். நனைந்த சப்பாத்தோடு அடுத்த குளத்துக்குப் போகாதீர்கள். காயவிட்டுப் போங்கள். ஒரு குளத்து நோய் இன்னொரு குளத்துக்குப் பரவக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மம்மாவுக்கு அழைப்பு எடுங்கள்.

"அம்மம்மா, நான் இண்டைக்கு ஒரு சலமாண்டர் பார்த்தனான்!"

"அதென்ன குஞ்சு அது? கடிக்குமோ?"

"இல்லை அம்மம்மா, அது பாவம். தவளையின்ர சொந்தக்காரர்."

பிறகு தோல், நிறம், வயிறு, தோகை எல்லாவற்றையும் தமிழில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல, அம்மம்மா தன் வாழ்நாளில் காணாத ஒரு உயிரைக் காணுவார்.

கண்டுபிடியுங்கள்

அ. 9 செ.மீ. நீளம், மண்ணிறம், வழுவழுப்பான தோல், அறுபடாத தோகை. இவர் யார்?

ஆ. 8 செ.மீ. நீளம், கறுப்பு, சொரசொரப்பான தோல், வயிற்றில் கறுப்புத் திட்டுகள். இவர் யார்? ஏன் இவ்வளவு சிறியவர்?

இ. செதிலும் நகமும் உண்டு. வெயிலில் கல்லின்மேல் படுத்திருக்கிறார். இவர் யார்?