வாசல் உண்டு, வழி எங்கே?

வாசல் திறந்துதான் இருக்கிறது என்கிறார்கள், இணையதளம் நடத்துவோர். பூட்டு இல்லை, காவற்காரன் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். சரி, பார்வையற்ற தோழர் ஒருவர் அந்த வாசலிலே வந்து நின்றால் நடப்பது என்ன?

அவருக்குத் துணை, ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான். திரையிலே உள்ள எழுத்தைக் குரலாக்கிக் காதிலே சொல்லும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவிலே மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான், இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. பார்வையற்றவர் தம் கடமையைச் செய்துவிட்டார். பார்வை உள்ளவர்கள் செய்தார்களா?

தாவிப் படிப்பவர் படும் பாடு

கண்ணால் படிப்பவர் ஒரு பக்கத்தை ஒரே நோட்டத்தில் அளந்துவிடுகிறார். காதால் படிப்பவருக்கு வரி வரியாகத்தான் வரும். ஆகவே அவர் தாவுகிறார். 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு. 'கே' விசையைத் தட்டினால் அடுத்த இணைப்பு. நீண்ட பக்கத்திலே தகவல் தேடத் தலைப்புகளையே முதலில் நாடுவதாக, அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2024இல் வெளியிட்ட கருத்தாய்வில் 10க்கு 7 பேர் சொன்னார்கள்.

எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்பாக்கிவிட்டால் அது தலைப்பாகிவிடுமா? கண்ணுக்கு ஆகும், காதுக்கு ஆகாது. பக்கத்தின் நிரலிலே "இது தலைப்பு" என்று குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால், தட்டத் தட்ட ஒன்றும் கிடைக்காது. இணைப்புகளைக் கேட்டாலோ, "மேலும் படிக்க, மேலும் படிக்க" என்றே ஒலிக்கும். எதை மேலும் படிக்க? மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் பட்டியல், விசைப்பலகைக்காரருக்குச் சுவர்! ஒவ்வொரு பக்கத்திலும் ஐம்பது இணைப்புகளைக் கேட்டு முடித்த பிறகே செய்தி வருமானால், அது வழியா, தண்டனையா? "நேரே உள்ளடக்கத்துக்குச் செல்க" என்று பக்கத்தின் தலையிலே ஓர் இணைப்பு வைத்தால் தீரும் தொல்லை இது!

தமிழுக்கு இருமடங்கு

தமிழிலே துன்பம் இன்னும் கூடுதல். ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010இல். பழைய எழுத்துருக்களிலே, ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை! அறிக்கையை அச்சடித்து, முத்திரை குத்தி, படமெடுத்துப் பி.டி.எஃப். ஆக ஏற்றினால், அவர் காதுக்கு அது வெற்றுத்தாள். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலிலே குறிக்காமல் விட்டால், தமிழைப் படிக்க ஆங்கிலக் குரல் வந்து திணறும். தமிழுக்கு மேடையிலே மாலை போடுகிறோம்; நிரலிலே ஒரு வரி போட மாட்டோமா?

சட்டம் சொல்வது

"பாவம், ஏதாவது செய்யலாம்" என்பார் சிலர். பரிதாபத்தை யாரும் கேட்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவிலே பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். அணுகல் விதியை வெறும் பரிந்துரையாக வைத்திருந்தது செல்லாது, கட்டாயமாக்குக என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரிலே தீர்ப்பளித்தது. மின்னணு வழியை அணுகுவது, வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றே 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

1924இல் வைக்கத்திலே பெரியார் சிறை சென்றது எதற்காக? கோயிலைச் சுற்றிய தெருவிலே எல்லாரும் நடப்பதற்காக. இன்று உதவித்தொகைக்கும், தேர்வுக்கும், சான்றிதழுக்கும் தெரு எது? இணையதளம்தானே! அந்தத் தெருவிலே ஒருவர் நடக்க முடியாவிட்டால், அது எவருடைய தலைவிதியும் அல்ல. கட்டியவர் செய்த குறை.

சோதிப்பது எப்படி?

முதலிலே மவுஸை எடுத்து ஒதுக்குங்கள். விசைப்பலகையை மட்டும் கொண்டு, முகப்பிலிருந்து விண்ணப்பம் வரை போய்ப் பாருங்கள். பிறகு திரையை அணைத்து, என்.வி.டி.ஏ.வைக் கேட்டபடி அதே வழியிலே போங்கள். பாதிக் குறை அப்போதே காதிலே விழும்.

சோதனை மென்பொருளே போதும் என்று இருந்துவிட வேண்டாம். படத்துக்கு விளக்கம் உண்டா என்று அது பார்க்கும்; விளக்கம் உண்மையா என்று அதற்குத் தெரியாது. "படம் 1" என்று எழுதினாலும் தேர்ச்சி தந்துவிடும்! ஆகவே, பார்வையற்ற தோழரை அழையுங்கள். உரிய கூலி கொடுங்கள். "கடைசி நாள் எது? கண்டுபிடித்து விண்ணப்பியுங்கள்" என்று வேலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கே நின்றார், எங்கே சுற்றினார் என்று குறித்து, திருத்தி, மீண்டும் அழையுங்கள்.

செலவாகுமே என்பார்கள். கட்டும்போதே சாய்தளம் வைத்தால் செங்கல் சிலதான்; கட்டிய பிறகு இடித்தால்தான் செலவு. புதிய தளத்துக்குத் திறப்பு விழா எடுப்போரே! அந்தத் தோழர் துணையின்றித் தம் விண்ணப்பத்தை அனுப்பி முடிக்கும் வரை, நாடாவை வெட்டாதீர்!