மீன் விடும் முன் தண்ணீரைப் பழக்குங்கள்

வண்ண மீன் வளர்ப்பை உபதொழிலாகத் தொடங்க நினைக்கும் தொரப்பள்ளி, ஓசூர் பகுதி விவசாயிகளுக்குச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். மீன் வாங்க சென்னை கொளத்தூர் இருக்கிறது. ஆனால், புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மறுநாளே மீன் விட்டால், முதல் வாரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து சாகத் தொடங்கும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் இது நோய் அல்ல, அம்மோனியா நஞ்சு.

வயலில் நடப்பதுதான் தொட்டியிலும்

நீங்கள் வயலில் யூரியா இடுகிறீர்கள். அது அம்மோனியமாகி, பிறகு மண்ணில் உள்ள பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. மீன் கழிவும் மீந்த தீவனமும் தொட்டியில் இதே வழியில்தான் மாறுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அளவோடு இருந்தால் பாதிப்பில்லை. பழைய மண்ணில் இந்த பாக்டீரியாக்கள் ஏற்கெனவே உள்ளன. புதுத் தொட்டியில் அவை போதிய அளவில் இல்லை. அவற்றை மீன் விடும் முன்பே பெருக்குவதைத்தான் வளர்ப்போர் 'சைக்கிளிங்' என்கிறார்கள். மட்காத எருவைச் செடிக்கு இடமாட்டோம் அல்லவா? அதே கதைதான்.

எந்தத் தண்ணீர்?

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கழிவு கலந்த தென்பெண்ணை ஆற்றுநீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். குழாய்க் குடிநீரில் குளோரின் இருக்கும். அது பாக்டீரியாவையும் மீனையும் கொல்லும். திறந்த தொட்டியில் ஏர் பம்பு ஓடவிட்டு ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீரின் பி.எச். அளவை அவசியம் பாருங்கள். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் சுமார் 5 சதவீதம், 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். புது சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து பி.எச். ஏறும். வாழைத்தண்டுத் துண்டுகள் போட்டு ஊறவிட்டு, பலமுறை நிரப்பி வடித்த பிறகே பயன்படுத்துங்கள்.

செய்முறை

ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் பொருத்தி இரவு பகலாக ஓடவிடுங்கள். பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தேவை. 1,000 லிட்டருக்குச் சுமார் 6 கிராம் தூய அம்மோனியம் குளோரைடு கரைத்தால் அம்மோனியா ஏறத்தாழ 2 பி.பி.எம். வரும். கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு அழுகவிடலாம்.

டெஸ்ட் கிட் வைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் அம்மோனியா இருக்கும், பிறகு நைட்ரைட் ஏறும், கடைசியில் நைட்ரேட் கூடும். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை குளிரில் இன்னும் தாமதமாகலாம். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து வைத்தால் நாட்கள் குறையும்.

செடி வைத்த கண்ணாடித் தொட்டி என்றால், வேலம்பாசி, வாலிஸ்நேரியா போன்ற வேகமாக வளரும் செடிகளை முதல் நாளே நெருக்கமாக நடுங்கள். அவை அம்மோனியத்தை நேரடியாக உறிஞ்சும். ஆனால், சத்து நிறைந்த அடிமண் போட்டால் அதிலிருந்தே சில வாரம் அம்மோனியா கசியும். செடி இருக்கிறது என்று சோதனையை விட்டுவிட வேண்டாம்.

எப்போது மீன் விடலாம்?

2 பி.பி.எம். அம்மோனியா கொடுத்து 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மீனை மட்டும் விடுங்கள். ஒரு வாரம் பார்த்து அடுத்த தொகுதியை விடுங்கள். ஃபில்டரைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். தொட்டி நீரிலேயே அலசுங்கள். மின்தடை நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்பு வைத்திருங்கள்.

மாற்றி எடுக்கும் நீரில் நைட்ரேட் உள்ளது. ரோஜாவுக்கும் காய்கறிக்கும் பாய்ச்சலாம்.

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. தற்போதைய நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியுங்கள். மீன் வாங்கும் தேதியை, தொட்டி நிரப்பும் தேதியிலிருந்து ஆறு வாரம் தள்ளியே குறித்து வையுங்கள்.