குருந்தக் குடும்பத்தின் செம்மஞ்சள் மணி

மாணிக்கமும் நீலமும் நிறத்தால் வேறுபட்டவையேனும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் வகைகளாகும். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரும் இத்தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்ததெனக் கருதப்படுகிறது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இக்கனிமத்தின் கடினம் மோ அளவையில் 9 ஆகும். இதனினும் கடினமான இயற்கை மணி வைரம் ஒன்றே.

மைசூர் மாவட்டத்தில் குருந்தம் பல இடங்களில் காணப்படுகிறது. தாய்ப்பாறை சிதைந்த பின்னும் இது அழியாது மண்ணில் தங்கிவிடும். இங்குக் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை ஒளி ஊடுருவாதவை. சாணைக்கல் முதலியவற்றிற்கே பயன்பட்டவை. எனினும் சில செந்நிறக் கற்களைக் குவிமுகமாகத் தேய்த்தால், உள்ளிருக்கும் ஊசி போன்ற நுண்கனிமங்களால் ஆறு கதிர் விண்மீன் தோன்றும். இவையே மைசூர் விண்மீன் மாணிக்கங்கள்.

இக்குடும்பத்தின் மிக அரிய உறுப்பினரைக் காண இலங்கைக்குச் செல்லவேண்டும். இரத்தினபுரிப் பகுதியின் ஆற்றுப்படிவுகளில், இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த தாமரை நிறக் குருந்தம் கிடைக்கிறது. உலகச் சந்தையில் இது ‘பத்பராட்சா’ எனப்படும். இப்பெயர் ‘பதுமராகம்’ என்பதன் திரிபேயாயினும், நம் நூல்களில் பதுமராகம் மாணிக்கத்தையே குறிக்கும். ஆசிரியர்கள் இவ்விரண்டையும் மயங்கலாகாது. மடகாஸ்கரிலும் தான்சானியாவிலும் வியட்நாமிலும் இவ்வகை கிடைத்துள்ளது.

இதன் சிவப்புச் சாயலைக் குரோமியம் தருகிறது. மஞ்சள் சாயலோ பெரும்பாலும் படிக அமைப்பிலுள்ள நிறமையங்களால் விளைவது. அதனால் சில கற்களின் நிறம் வெயிலில் மங்குவதும் உண்டு.

செம்மஞ்சள் கல் யாவும் குருந்தமன்று. நவமணிகளுள் ஒன்றான கோமேதகம் கார்னெட் இனத்தைச் சேர்ந்தது. கடினம் ஏறக்குறைய 7 மட்டுமே. குருந்தத்தின் ஒப்படர்த்தி 4.0, கோமேதகத்தினது 3.65 அளவில் நிற்கும். உருப்பெருக்கியில் கோமேதகத்தின் உட்புறம் பாகு கலங்கியதுபோல் தோன்றும். வெட்டிய மணியைக் கீறிச் சோதித்தல் கூடாது. எடையறிந்து ஒப்படர்த்தி காண்பதே முறையாகும்.

இதனினும் நுட்பமான மயக்கமும் உண்டு. 2001-ஆம் ஆண்டையொட்டி, மலிவான குருந்தத்தைப் பெரிலியத்துடன் மிகு வெப்பத்தில் சூடாக்கிச் செம்மஞ்சளாக்கிய கற்கள் சந்தைக்கு வந்தன. அவையும் உண்மைக் குருந்தமே. ஆகவே கடினமோ ஒப்படர்த்தியோ அவற்றைக் காட்டிக்கொடா. நுண்ணளவுத் தனிமங்களைக் காணும் ஆய்வுக்கூடச் சோதனையே உறுதி தரும். கல் இன்னதென அறிவதும் அதன் நிறம் இயற்கையானதா என அறிவதும் வெவ்வேறு வினாக்கள். முதலாவதற்குக் களத்திலேயே விடை காணலாம். இரண்டாவதைக் கண்ணால் கண்டு உறுதிகூறுவோரை நம்பிப் பொருளிழத்தல் தகாது.