கரும்புத் தொட்டிலும் 12 இலக்கமும்

யாருடைய பிள்ளை? – தொடர்: 9

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள். திருவண்ணாமலை மாட வீதிகளில் பெரிய தேர் புறப்படும் நாள். தேர் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் கண்ணைக் கீழே இறக்கினால் இன்னொரு ஊர்வலம் தெரியும். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, உள்ளே கைக்குழந்தையைக் கிடத்தி, முன்பக்கம் ஒருவர் பின்பக்கம் ஒருவர் என்று புருஷனும் பெண்டாட்டியும் தோளில் சுமந்து மாட வீதியைச் சுற்றுவார்கள். பிள்ளை வரம் கேட்டவர்களின் நேர்த்திக்கடன். இதை வல்லாள மகாராஜா கதையோடு சேர்த்துச் சொல்வது ஊர் வழக்கம். வாரிசில்லாத அந்த ராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது ஐதீகம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய் அவருக்குத் திதியும் கொடுத்து வருகிறார். பெற்றால்தான் பிள்ளையா என்ற கேள்வியைச் சாமி தலையிலேயே கட்டிவிட்ட ஊர் இது.

அந்தத் தூளிக் குழந்தைக்கு அண்ணாமலையார் தந்தது பிறப்பு. அரசு தந்தது ஒரு நம்பர். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியர் பதிந்து தரும் 12 இலக்க ‘பிக்மி’ எண். பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் கட்டாயம் என்று 2017இல் தமிழக அரசு கொண்டுவந்தது. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், ஓட்டு, ஆதார், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். நம்பரில் தொடங்கும் நூல் எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

சென்ற வாரம் நார்வே, ஜெர்மனியில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட இந்தியக் குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த நம்பரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்று வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டால் நம்மூரிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?

மாட்டார்கள். வீட்டில் பிரசவம் பார்ப்பதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் அடக்கம் என்று 2009இல் சுசிதா ஸ்ரீவத்ஸவா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மாவட்டந்தோறும் இருக்கும் குழந்தைகள் நலக் குழு, தலைவரும் நான்கு உறுப்பினர்களுமாக, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இயங்குகிறது. அடிபட்ட, கைவிடப்பட்ட, கவனிப்பாரற்ற குழந்தைகளுக்கானது அது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பிள்ளை எங்கே பிறந்தது என்பதை வைத்து மட்டும் அந்தக் குழு வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

தட்டுவது செவிலியரும் போலீஸும்தான்.

2018 ஜூலையில் திருப்பூரில் 28 வயது ஆசிரியை ஒருவர், இரண்டாவது பிரசவம், வீட்டில் பெண் குழந்தையைப் பெற்றார். ரத்தப்போக்கு நிற்கவில்லை, இறந்துபோனார். வீடியோ பார்த்துப் பிரசவம் பார்த்ததாகச் செய்தி பரவியது. கணவர் கைதானார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைது. அதே ஆகஸ்டில் தேனி அருகே கோடாங்கிபட்டியில், வீட்டில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை வெட்ட வந்த மருத்துவக் குழுவை வீட்டார் உள்ளே விட மறுத்தார்கள். 2021 டிசம்பரில் நம் பக்கத்து மாவட்டமான ராணிப்பேட்டையில் நெமிலி அருகே இன்னொரு யூடியூப் பிரசவம். குழந்தை தங்கவில்லை. 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு தம்பதி மூன்றாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றார்கள். விசாரித்தால், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழு வெளியே வந்தது.

இவர்கள் எல்லோரையும் பைத்தியக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பெருமைதான். அதே ஆய்வில் அடுத்த கணக்கு: மொத்தப் பிரசவங்களில் சிசேரியன் 44.9 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8. மூன்று பேர் போனால் இரண்டு பேருக்குக் கத்தி. வலியில் கத்துகிறவளைப் பார்த்து, “புருஷன்கூட இருக்கும்போது தெரியலையா?” என்று கேட்கும் பிரசவ வார்டு வசவை எத்தனை பெண்கள் காதாரக் கேட்டிருக்கிறார்கள்! இந்த இரண்டும் சேர்ந்துதான் ஆளை வாட்ஸ்அப் குழுவுக்குத் துரத்துகின்றன.

ஆனால் ரத்தம் வாதம் கேட்காது. குழந்தை வெளியே வந்ததும் கருப்பை சுருங்க வேண்டும். சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்கள் அடைபடும். சுருங்காவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆஸ்பத்திரியில் குழந்தை வந்த கையோடு ஆக்ஸிடோசின் ஊசி போடுவது இதற்காகத்தான். அந்த மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அது யூடியூபில் கிடைக்காது. யாருக்கு ரத்தம் நிற்காது என்பதை முன்கூட்டியே கணிக்கவும் முடியாது. முதல் பிரசவம் சுகமாக ஆனவளுக்கும் இரண்டாவதில் நேரலாம். என் பாட்டிக்கு எட்டுப் பிரசவமும் வீட்டில்தான், மருத்துவச்சி கையில்தான். எட்டில் தங்கியது ஐந்து. “அந்தக் காலத்தில்” என்று தொடங்குகிறவர்கள் அந்த மூன்றைச் சொல்வதில்லை.

நெதர்லாந்தில் வீட்டில் பெறவில்லையா என்பார்கள். பெறுகிறார்கள். முறையாகப் படித்த மருத்துவச்சி பையோடு வந்து உட்கார்ந்திருப்பார். சிக்கல் என்றால் ஆஸ்பத்திரிக்கு மாற்ற ஏற்பாடு தயாராக இருக்கும். நாம் ஊர் மருத்துவச்சிகளை ஒழித்தோம், அந்த இடத்தில் படித்த மருத்துவச்சியை வைக்கவில்லை. அதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டதே 2018இல்தான்.

அரசு எல்லை மீறிப் போன கதைகளும் உண்டு. செக் நாட்டில் 2007இல் ஒரு தாய், ஆஸ்பத்திரியில் பெற்ற அன்றே பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். போலீஸோடு வந்து பச்சைக் குழந்தையைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023இல் அமெரிக்காவில், டாலஸ் பக்கம், வீட்டில் பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை. மருத்துவச்சியே பார்த்துக்கொள்ளட்டும் என்ற பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பறித்து, ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தார்கள். அந்த மூன்று வாரப் பாலுக்கு எந்த நீதிமன்றம் கணக்குத் தீர்க்கும்?

நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் வீட்டுப் பிரசவம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நகரத்தில் அது விரும்பி எடுக்கும் முடிவு. ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, ஜவ்வாது மலையின் வண்டி ஏறாத குக்கிராமங்களில் அது விதி. டோலி கட்டித் தூக்கி வருவதற்குள் வழியிலேயே பிறந்துவிடும். இருவருக்கும் ஒரே நோட்டீஸ் நீட்டுவது அநியாயம். முன்னவருக்கு நயமாகப் பேசத் தெரிந்த மருத்துவர் வேண்டும். பின்னவருக்குச் சாலை வேண்டும். தேதி நெருங்கியதும் கீழே வந்து தங்கிக்கொள்ளப் பிரசவ காத்திருப்பு அறை வேண்டும். அங்கே துணைக்கு வந்தவருக்கும் சோறு வேண்டும்.

நம்மூர் வழக்குகளின் செய்திகளை அடுக்கிவைத்துப் படித்தபோது என்னை உறுத்தியது வேறொன்று. பெற்றோர் உரிமை என்று எல்லோரும் பேசுகிறார்கள். பேசியவர்கள் எல்லாம் கணவர்கள், மாமனார்கள், ஹீலர்கள். எதிர்ப்பக்கம் அதிகாரிகள். வலி எடுத்தவள் என்ன சொன்னாள் என்பது அநேகமாக எந்தச் செய்தியிலும் இல்லை. சிலவற்றில் அவள் சொல்வதற்கே உயிரோடு இல்லை.

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் மூல வாசகத்தை எடுத்துப் பார்த்தேன். வீட்டில் பிறந்தால் தகவல் தர வேண்டியவர் குடும்பத் தலைவர். அவர் இல்லாவிட்டால் அவருடைய நெருங்கிய உறவினர். அவரும் இல்லாவிட்டால், அந்த நேரத்தில் வீட்டில் இருந்த ஆண்களில் மூத்தவர். வரிசையை இரண்டு முறை படித்தேன். பெற்றவள் என்று ஒருத்தி அதில் இல்லை.